கேட்காமலே எடுத்துக்கொள்ளலாமா? உறுப்பு தானம் பற்றி டர்பனிலிருந்து ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ஸ்பெயின், பிரான்ஸ், சிங்கப்பூர் மாதிரி தென்னாப்பிரிக்காவிலும் "எனக்கு வேண்டாம்" என்று பதிவு செய்யாத எல்லோருடைய உறுப்பும் இறந்தபின் தானாகவே தானம் என்று ஒரு சட்டம் வந்தால், உங்கள் அம்மா மாதிரி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் கிடக்கிறவர்களுக்கு விடிவு வருமா, வரும் என்றால் அரசாங்கம் ஏன் இன்னும் சும்மா இருக்கிறது, நம்ம ஆட்களும் ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள்.

என் பதில்: அந்தச் சட்டத்தால் மட்டும் விடிவு வராது, இங்கே இப்போதைக்கு அது வேண்டாம். உறுப்பு தானத்துக்கு நான் எதிரி இல்லை. டர்பனில் ஐசியூ செவிலியராக இருந்தே தலை நரைத்தவள் நான், என் லைசென்ஸில் தானம் செய்கிறவர் என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் சொல்லியும் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் வேறு. உறுப்பு எங்கே தவறிப்போகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பெரும்பாலும் சம்மதம் கேட்கும் இடத்துக்கு வருவதற்கு முன்னாலேயே தவறிப்போகிறது.

தட்டுப்பாடு இருப்பது உண்மைதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஸ்பெயினில் 2023இல் பத்து லட்சம் மக்களுக்கு 48 பேருக்கு மேல் இறந்தபின் உறுப்பு கொடுத்திருக்கிறார்கள். இங்கே அந்தக் கணக்கு 2ஐத் தொடுவதே பெரும்பாடு. உலகத்தின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை 1967 டிசம்பர் 3ஆம் தேதி கேப்டவுனில் நடந்தது என்று இன்றைக்கும் பெருமை பேசுகிற நாடு இது.

இந்தத் தட்டுப்பாடு டர்பனில் எப்படி ஆளைக் கொல்கிறது என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அம்மாவுக்கு நினைவிருக்கும். 1997இல் தியாகராஜ் சுப்ரமணி என்ற 41 வயதுக்காரர், நம்ம ஊர்க்காரர், அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். சர்க்கரை வியாதி, இதய நோய், முந்தைய வருடம் ஒரு ஸ்ட்ரோக், இதோடு இரண்டு கிட்னியும் போய்விட்டது. தனியாரில் டயாலிசிஸ் செய்து கையில் இருந்த காசெல்லாம் கரைந்தபின் அடிங்டன் அரசு மருத்துவமனையில் போய்க் கேட்டார். அங்கே இருந்தவை 20 மெஷின்கள், அவற்றிலும் சில பழுது. 60 பேருக்கான வசதியை வைத்துக்கொண்டு 85 பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்னி மாற்றுக்குத் தகுதி உள்ளவருக்குத்தான் தொடர்ந்து டயாலிசிஸ் என்பது அந்த மருத்துவமனையின் விதி. இதயம் கெட்டிருந்ததால் அவருக்குத் தகுதி இல்லை. விதி நியாயமானதுதான், இல்லாத வசதியைக் கொடு என்று நாங்கள் உத்தரவிட முடியாது என்று நவம்பர் 27ஆம் தேதி நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த சில நாளில் மனிதர் போய்ச் சேர்ந்தார். சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

அந்த விதிக்குள் ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கவனியுங்கள். அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் நாற்காலி என்பது கிட்னி வரும்வரை காத்திருக்கிற இடம். ஒருவருக்குக் கிட்னி கிடைத்தால் அவர் எழுந்து வீட்டுக்குப் போகிறார், அந்த நாற்காலியில் வெளியே நிற்கிற இன்னொருவர் உட்காருகிறார். கிட்னி வராவிட்டால் யாரும் எழுந்திருப்பதில்லை, வெளியே நிற்பவருக்கு இடமில்லை என்று சொல்லி அனுப்ப வேண்டியதுதான். அதனால் இங்கே ஒரு தானம் பெரும்பாலும் பெற்றவரோடு நிற்பதில்லை. உங்கள் அம்மா தனியாரில் மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டின் தயவில் செய்துகொள்கிறார் என்று நினைக்கிறேன். அந்த அட்டை இல்லாதவர்களின் கதை இது.

சரி, உறுப்பு எங்கிருந்து வருகிறது? இறந்தவர் எல்லோருடைய உறுப்பும் பயன்படும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கருவிழியை இறந்து சில மணி நேரம் கழித்துக்கூட எடுக்கலாம். இதயம், கல்லீரல், கிட்னிக்கு அப்படி முடியாது. ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தவறினால் நின்ற சில நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். ஆகவே நம் நாட்டில் இவற்றைக் கொடுக்க முடிகிறவர் கிட்டத்தட்ட எப்போதுமே ஐசியூவில் வென்டிலேட்டரில் மூளைச்சாவு அடைந்தவர்தான். தலையில் அடிபட்டவர், தலையில் குண்டு பாய்ந்தவர், மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்தவர். வீட்டில் தூக்கத்தில் போனவரும், புற்றுநோயில் போனவரும் இந்தக் கணக்கில் வருவதில்லை. ஒரு ஊரில் ஒரு வருடத்தில் ஏற்படும் சாவுகளில் மிக மிகச் சிறிய பங்கு இது. அந்தச் சிறிய பங்குக்குள்தான் நாம் தேடுகிறோம்.

இப்போது அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் வாருங்கள். இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதுப் பையன், மோட்டார் சைக்கிள். தலையில் கட்டு, முகம் கொஞ்சம் வீங்கியிருக்கும், மற்றபடி தூங்குகிற மாதிரி இருப்பான். கை சூடாக இருக்கும். மானிட்டரில் இதயம் ஒழுங்காகத் துடிக்கும். சிறுநீர்ப் பை நிறையும். மூளைச்சாவை உறுதிப்படுத்த இரண்டு டாக்டர்கள் வேண்டும் என்பது இங்கே விதி, அதில் ஒருவருக்குப் பதிவு செய்து குறைந்தது ஐந்து வருட அனுபவம் இருக்க வேண்டும், இரண்டு பேரும் மாற்று அறுவை சிகிச்சைக் குழுவில் இருக்கவே கூடாது. கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், கண்ணின் பாப்பா சுருங்காது. காதுக்குள் குளிர்ந்த நீரைச் செலுத்துவார்கள், கண் அசையாது. தொண்டைக்குள் குழாய் விட்டு உறிஞ்சுவோம், இருமல் வராது. கடைசியாக வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, குழாய் வழியாக ஆக்ஸிஜன் மட்டும் விட்டு, போர்வையை இடுப்புவரை இறக்கிவிட்டு, நெஞ்சும் வயிறும் தானாக ஒரு தடவையாவது அசைகிறதா என்று பார்ப்போம். பத்து நிமிடம் அளவுக்கு. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும், உயிருள்ள மூளை என்றால் அந்த அளவில் மூச்சு விடாமல் இருக்கவே முடியாது. அறையில் யாரும் பேச மாட்டார்கள். அசையவில்லை என்றால் ரத்த மாதிரி எடுத்துவிட்டு வென்டிலேட்டரைத் திரும்ப மாட்டுவோம். இந்த நாட்டுச் சட்டப்படி மூளைச்சாவுதான் சாவு. ஆனால் மாட்டியவுடன் நெஞ்சு மறுபடி ஏறி இறங்கத் தொடங்கும், அப்போதுதான் குடும்பத்தை உள்ளே விடுவோம்.

உள்ளே வருகிற ஆயா பேரன் நெற்றியில் விபூதியைப் பூசிவிட்டு, "நெஞ்சு ஏறி இறங்குதே கண்ணு, எப்படிச் செத்துட்டான்னு சொல்றீங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பொறுமையாக, ஒரு மணி நேரம் ஆனாலும் உட்கார்ந்து, படம் போட்டுக் காட்டிப் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்டுவடத்தின் வேலையால் சில சமயம் விரல்கூட அசையும், அதை அந்த அம்மா பார்த்துவிட்டால் அப்புறம் யார் சொன்னாலும் ஏறாது. சட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்த இடத்தில் நிற்கப்போவது ஒரு செவிலியரும் ஒரு ஆயாவும்தான்.

நம் சட்டம் இப்போது என்ன சொல்கிறது என்றால், 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 8ஆம் அத்தியாயப்படி, உயில் எழுதத் தகுதியுள்ள யாரும் தன் உடலையோ உறுப்பையோ உயிலில் எழுதியோ, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்ட காகிதத்திலோ, இரண்டு சாட்சிகள் முன் வாயால் சொல்லியோகூட தானம் செய்யலாம். எதுவும் சொல்லாமல் இறந்தால், வேண்டாம் என்றும் சொல்லாமல் இருந்தால், கணவன் அல்லது மனைவி, துணை, பெற்றோர், வளர்ந்த பிள்ளை, உடன்பிறந்தவர் என்று நெருங்கியவர்கள் சம்மதம் கொடுக்கலாம். நடைமுறையில் ஸ்டிக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடும்பத்தைக் கேட்காமல் எந்த டாக்டரும் கத்தியைத் தொட மாட்டார்.

மற்ற நாடுகளுக்கு வருவோம், ஏனென்றால் இந்த வாதத்தில் எல்லோரும் முதலில் தூக்கிப் பிடிப்பது ஸ்பெயினைத்தான். அங்கே மறுத்தாலொழிய சம்மதம் என்ற சட்டம் 1979இலேயே வந்துவிட்டது. பத்து வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1989இல் பத்து லட்சத்துக்கு 14 பேர் என்ற அளவில்தான் இருந்தார்கள். அந்த வருடம்தான் உறுப்பு மாற்றுக்கென்று ஒரு தேசிய அமைப்பை உண்டாக்கி, ரஃபேல் மத்தேசான்ஸ் என்ற கிட்னி டாக்டரைத் தலைவராகப் போட்டார்கள். அவர் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு ஒருங்கிணைப்பாளரை, பெரும்பாலும் ஐசியூ டாக்டரையே, நியமித்தார். மூளைச்சாவு நோயாளி எவரும் கண்ணில் படாமல் போகக் கூடாது, குடும்பத்தோடு பேசப் பயிற்சி பெற்றவர் மட்டுமே பேச வேண்டும், அந்த நேரத்துக்கு அவருக்குச் சம்பளம் உண்டு, வருடா வருடம் எத்தனை தவறிப்போனது என்று கணக்குப் பார்க்க வேண்டும். பத்து வருடத்தில் எண்ணிக்கை 30ஐத் தாண்டியது. அந்தச் சட்டத்தை வைத்து ஸ்பெயினில் யாரும் உறுப்பு எடுப்பதில்லை, இன்றைக்கும் குடும்பத்தைக் கேட்டே எடுக்கிறார்கள், மறுப்பவர்களுக்கென்று ஒரு பதிவேடுகூட அங்கே கிடையாது. எங்கள் வெற்றிக்குக் காரணம் அந்தச் சட்டம் இல்லை என்று மத்தேசான்ஸே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கேட்கத்தான் ஆளில்லை.

பிரேசில் இதற்கு நேர் எதிர். 1997இல் சட்டம் போட்டார்கள், தானம் செய்ய விரும்பாதவர் அடையாள அட்டையில் அல்லது லைசென்ஸில் அப்படி அச்சிட்டுக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையை நம்பாத ஏழைகள் பயந்துபோய் அட்டையில் அச்சிட வரிசையில் நின்றார்கள், டாக்டர்களே எதிர்த்தார்கள், 1998இல் வாபஸ். சிலியில் 2010இல் வந்தபோதும் தானம் ஏறவில்லை, இறங்கியது, ஏகப்பட்ட பேர் மறுத்துப் பதிவு செய்தார்கள். வேல்ஸில் 2015இல் வந்தது, அங்கே சில வருடத்தில் சம்மதம் கூடியது, அதற்கு முன்னும் பின்னும் வீடு வீடாகப் போய்ச் சேர்கிற அளவுக்கு விளம்பரம் செய்தார்கள். இங்கிலாந்தில் 2020 மே மாதம் வந்தது, அதற்குப் பிறகு குடும்பங்கள் சம்மதிக்கிற விகிதம் கொஞ்சம் குறைந்தே போனது, கோவிட் குழப்பமும் அதில் சேர்ந்திருக்கும். நமக்குப் பக்கத்துக் கடலிலேயே இருக்கும் ரீயூனியன் தீவு பிரான்ஸைச் சேர்ந்தது, அங்கே பிரெஞ்சுச் சட்டம்தான், 1976 முதலே அங்கே மறுக்காதவர் சம்மதித்தவர். அங்கேயும் டாக்டர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசத்தான் செய்கிறார்கள், அவர் மறுத்ததுண்டா என்று கேட்கத்தான் செய்கிறார்கள்.

சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நடத்துகிற நாடு சிங்கப்பூர். 1987இல் விபத்தில் இறந்தவர்களின் கிட்னிக்கு மட்டும் என்று ஆரம்பித்தார்கள், 2004இல் எல்லா வகைச் சாவுக்கும், கல்லீரல், இதயம், கருவிழிக்கும் நீட்டினார்கள். முஸ்லிம்களை 2008 வரை சேர்க்கவில்லை. மறுத்துப் பதிவு செய்தவருக்கு உறுப்பு தேவைப்பட்டால் வரிசையில் பின்னால்தான் இடம். அங்கே நம்மவர்களும் ஏராளம், பெரிய எதிர்ப்பில்லாமல் நடக்கிறது. ஆனால் 2007இல் ஒரு குடும்பம், இன்னும் ஒரு நாள் பொறுங்கள், எழுந்துவிடுவார் என்று மண்டியிட்டுக் கெஞ்சியபோது போலீசை நிறுத்தி வைத்துக்கொண்டு உடலை எடுத்துப்போனார்கள், ஊரே அதிர்ந்தது. அந்தக் குடும்பம் மருத்துவரீதியாகத் தவறாக நினைத்தது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வார்டில் வேலை பார்த்த செவிலியரை நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தக் காட்சி தென்னாப்பிரிக்காவில் நடந்தால் என்ன ஆகும்? 1968 ஜனவரி 2ஆம் தேதி கேப்டவுனில் நடந்த இரண்டாவது இதய மாற்றில், கலப்பினத்தவர் என்று வகைப்படுத்தப்பட்டிருந்த கிளைவ் ஹவுப்ட் என்ற 24 வயது இளைஞரின் இதயத்தை ஒரு வெள்ளைக்காரப் பல் டாக்டருக்குப் பொருத்தினார்கள். வெள்ளையர் பெஞ்சில் அந்த இளைஞர் உட்கார முடியாத காலம் அது. பல் டாக்டர் 19 மாதம் வாழ்ந்தார், உலகமே கொண்டாடியது, நம் தாத்தா பாட்டி தலைமுறை தங்களுக்குள் வேறு விதமாகப் பேசிக்கொண்டது. அதை எல்லாம் பழங்கதை என்று தள்ளலாம் என்றால், 2001க்கும் 2003க்கும் நடுவில் இதே டர்பனில் ஒரு தனியார் மருத்துவமனையில் வெளிநாட்டுப் பணக்கார நோயாளிகளுக்கு, ருமேனியா, பிரேசில் ஏழைகளிடம் காசு கொடுத்து வாங்கிய கிட்னியை வைத்துத் தைத்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள், 2010இல் அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது. டர்பனில் டாக்ஸி ஓட்டுகிறவருக்கும் இந்தக் கதை தெரியும். அந்த மனிதரிடம் போய், "நீங்கள் ஒன்றும் சொல்லாததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்" என்று அரசாங்கம் சொன்னால் அவர் நம்புவாரா?

மறுப்பைப் பதிவு செய்ய எங்கே போவார் என்பதும் இருக்கிறது. அரசு கவுன்டரில் காலை நான்கு மணிக்கு வரிசையில் நின்று பத்து மணிக்கு "சிஸ்டம் ஆஃப்லைன்" என்று கேட்டுத் திரும்பாதவர் இந்த நாட்டில் உண்டா? மலைக்கு மேலே கிராமத்தில் இருக்கிற, இந்த மண்ணின் ஜூலு இனத்து அம்மா ஒருவர் தன் மறுப்பைப் பதிய டாக்ஸிக்கு இரண்டு தடவை காசு கொடுக்க வேண்டும். லேப்டாப் உள்ளவர் உட்கார்ந்த இடத்திலேயே மறுத்துவிடுவார். அப்படியானால் மௌனத்தைச் சம்மதமாக எடுக்கிற சட்டத்தில் உறுப்பு கொடுப்பது யார், அதைப் பெறுவது யார்? நம் அரசியல் சாசனத்தின் 12ஆம் பிரிவு தன் உடம்பு தன் கட்டுப்பாட்டில் என்று சொல்கிறது. நீதிமன்றத்தில் இந்தச் சட்டம் நிற்குமா என்பதைச் சட்டம் படித்தவர்கள் வாதாடட்டும், வார்டில் நிற்காது என்பது எனக்குத் தெரியும். ஜூலு குடும்பங்கள் இறந்தவரின் ஆவியை வீட்டுக்கு அழைத்துப்போக ஒரு முள்மரக் கிளையோடு படுக்கைக்கே வருவார்கள், படுக்கைப் பக்கத்தில் நின்று இறந்தவரோடு பேசுவார்கள், வீட்டுக்குப் போகிறோம் வா என்பார்கள். அந்தக் கிளையோடு வந்தவர்களிடம் உட்கார்ந்து பேசினால் சம்மதித்தவர்களும் உண்டு, இல்லை என்றவர்களும் உண்டு. பேசாமல் எடுத்தால் அந்த மருத்துவமனைக்கு அடுத்த வாரம் யாரும் வர மாட்டார்கள்.

நம்ம ஆட்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்டீர்கள். சமயம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அதில் பாதிதான் ஒப்புதல். அடுத்த பிறவியில் கண்ணில்லாமல் பிறப்பான் என்று ஒரு பெரியம்மா கட்டாயம் சொல்வார். கோயில் மேடையில் கண்ணப்பர் கதையைச் சொன்னால் எல்லோரும் கை தட்டுவார்கள், ஐசியூ வராந்தாவில் அது எடுபடாது. எரிக்கப்போகிற உடம்புதானே என்று குருக்கள் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பயம் அநேகமாகத் தீர்ந்துவிடும். தீராதது வேறு ஒன்று. விபத்து, துப்பாக்கிச் சூடு, கத்திக்குத்து என்றால் இயற்கைச் சாவு இல்லை, அரசு பிணவறையில் பிரேதப் பரிசோதனை கட்டாயம், உறுப்பு எடுக்கவும் தடயவியல் டாக்டரின் அனுமதி வேண்டும். அங்கே ஏற்கெனவே நாள் கணக்கில் தாமதம். வீட்டில் பந்தல் போட்டாயிற்று, ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து சித்தப்பா குடும்பம் காரில் வந்துகொண்டிருக்கிறது, கிளேர் எஸ்டேட்டில் தகனத்துக்கு நேரம் வாங்க வேண்டும், கருமாதி நாளை எண்ண வேண்டும். அந்த நேரத்தில் தானம் என்றால் அப்பாவின் முதல் கேள்வி, "பாடி எப்ப கிடைக்கும்?" அதற்கு நேரான பதில் தெரிந்த ஆள் அங்கே இல்லை என்றால் அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார், நானாக இருந்தாலும் அப்படித்தான். உண்மையில் உறுப்பு எடுப்பதற்குச் சம்மதம் கொடுத்ததிலிருந்து பெரும்பாலும் ஒரு நாள்தான் ஆகும், வெட்டிய இடத்தைத் தைத்துத் துடைத்து வேட்டி சட்டை போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, முகம் அப்படியே இருக்கும், சம்மதத்துக்குப் பிறகு ஆகிற செலவு குடும்பத்தின் தலையில் விழாது. தாமதம் பிணவறையில்தான். அதைச் சரிசெய்யச் சட்டசபை எதுவும் கூட வேண்டாம், தானம் செய்தவரின் பரிசோதனையை முதலில் முடித்துக் கொடு என்று ஒரு சுற்றறிக்கை போதும்.

இதில் நமக்கே ஒரு நஷ்டமும் இருக்கிறது. சர்க்கரையும் பிரஷரும் நம் வீடுகளில் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கிட்னி கேட்டு நிற்பவர்களில் நம்மவர்கள் கணிசம். பி வகை ரத்தம் இந்திய வம்சாவளியினரிடம் அதிகம். வாங்குகிற வரிசையில் நிறையப் பேரும் கொடுக்கிற வரிசையில் கொஞ்சம் பேரும் இருந்தால் பி வகைக்காரர் எவ்வளவு நாள் காத்திருப்பார்?

அந்தச் சட்டம் வேண்டும் என்பவர்கள் சொல்வதில் ஒன்று எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. மகன் இறந்த நாளில் அப்பாவிடம் முடிவெடு என்று கேட்பது கொடுமை இல்லையா, சட்டமே முடிவெடுத்துவிட்டால் அவருக்கு அந்தப் பாரம் இருக்காதே என்பார்கள். சிலருக்கு அது உண்மைதான். ஆனால் 1967இல் அந்த முதல் இதயத்தைக் கொடுத்த பெண்ணின் அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே விபத்தில் மனைவியும் மகளும் போய்விட்டார்கள், டாக்டர்கள் வந்து கேட்டார்கள், சில நிமிடம் யோசித்துவிட்டுச் சரி என்றார். மகளின் கிட்னி ஒரு கலப்பினச் சிறுவனுக்குப் போனது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் பெற்றோர், இருவருமே டாக்டர்கள், தாங்களாகவே முன்வந்து கொடுத்தார்கள், சென்னையில் போலீஸ் சாலையைக் காலி செய்து இதயத்தைக் கொண்டுபோக வழிவிட்டது, அதற்கப்புறம்தான் அங்கே சாதாரணக் குடும்பங்கள்கூட இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தன. இந்தியாவில் 1994 சட்டப்படி சம்மதம் கேட்டே எடுக்க வேண்டும், தமிழ்நாடு அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் நாட்டுக்கே முன்னால் நிற்கிறது, ஒருங்கிணைப்பாளர்களை வைத்து, பட்டியலை ஒழுங்குபடுத்தி. 2023இலிருந்து தானம் செய்தவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று அறிவித்திருக்கிறார்கள். கலெக்டர் மாலையோடு வாசலில் நிற்கும்போது எந்தப் பெரியம்மா குறை சொல்வார்?

அப்போ என்ன செய்யலாம் என்றால், ஐசியூவிலும் கேஷுவாலிட்டியிலும் மூளைச்சாவு நிலைக்குப் போகிற ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ஒருங்கிணைப்பாளருக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும் என்று முதலில் கட்டாயமாக்க வேண்டும். இப்போது அது அந்த நாளில் டூட்டியில் இருக்கிற டாக்டரின் மனசைப் பொறுத்தது. ஐசியூவில் இடமில்லை என்பதால் தலைக்காயக்காரர் ஸ்ட்ரெச்சரிலேயே இறந்துபோகிற இரவுகள் எத்தனை பார்த்திருக்கிறேன், அவரிடம் எந்தச் சட்டம் என்ன கேட்டிருக்கும்? இரண்டாவது, ஒருங்கிணைப்பாளர்கள். இப்போது விரல் விட்டு எண்ணுகிற மாதிரி இருக்கிறார்கள், அதில் ஜூலு பேசுகிறவர், ஆயாவோடு நாலு வார்த்தை தமிழில் பேசுகிறவர் எத்தனை பேர்? மூன்றாவதாக, லைசென்ஸ் புதுப்பிக்கும்போது எல்லோரிடமும் ஆம், இல்லை, இன்னும் முடிவு செய்யவில்லை என்று ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிலைப் பதிந்துவிடலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை எப்படியும் போகிறோம். இதெல்லாம் நடந்து, பத்து வருடம் ஓடி, கிராமத்து மருத்துவமனையிலும் மக்களுக்கு நம்பிக்கை வந்தபின் யாராவது சட்டத்தை மாற்றலாமா என்று கேட்டால் நானும் யோசிப்பேன்.

சம்மதச் சட்டத்தைத் தொடாமலே எண்ணிக்கையைக் கூட்டியதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. எச்ஐவி உள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனையில் கிட்னி மாற்றும் இல்லை, அதனால் டயாலிசிஸும் இல்லை என்ற நிலை இருந்தது, எச்ஐவி உள்ளவர் இறந்தால் அவர் கிட்னியையும் வீணாக்கினார்கள். 2008இல் கேப்டவுனில் எல்மி முல்லர் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் அந்தக் கிட்னியை எடுத்து எச்ஐவி உள்ள நோயாளிக்கே பொருத்தினார். உலகத்திலேயே யாரும் துணியாத காரியம். கூடவே இருந்தும் கண்ணில் படாத கிட்னிகள் அவை.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உறுப்பு தான அமைப்பில் ஆன்லைனில் பதிவு செய்வது இலவசம், சில நிமிட வேலை, அட்டையும் ஸ்டிக்கரும் வரும். ஆனால் அட்டையைவிட வீட்டில் சொல்வது முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டு முடித்தபின் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள், அக்கா முகம் சுளிப்பார், பரவாயில்லை. இன்னொன்று, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்: டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தால் கிட்னிப் பட்டியலில் தானாகவே பெயர் ஏறிவிடும் என்று நிறையக் குடும்பங்கள் நம்பிக்கொண்டிருக்கின்றன. ஏறாது. கிட்னி டாக்டர் எழுதிக் கொடுத்து, இதயம், நுரையீரல், பல் வரைக்கும் பரிசோதனை முடித்து, ரத்த வகையும் திசுப் பொருத்தமும் பார்த்து, மாற்று அறுவை சிகிச்சைக் குழு சரி என்ற பிறகுதான் பெயர் போகும், அதற்கப்புறமும் புது ரத்த மாதிரியை அவ்வப்போது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், போன் நம்பர் மாறினால் சொல்ல வேண்டும். அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிப்போகும்போது யூனிட் சிஸ்டரிடம் நேராகவே கேளுங்கள்: அம்மா பெயர் பட்டியலில் இருக்கிறதா, இல்லை என்றால் எந்தப் பரிசோதனை பாக்கி என்று. பல் டாக்டரிடம் போகாததால் மாதக்கணக்கில் நிற்கிறவர்களை எனக்குத் தெரியும்.